ரிசப்ஷன் வேலைக்கு அரை மணி நேரத் தேர்வு: ஆறு வருட அனுபவம்

திண்டுக்கல் பக்கம் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் சான்றிதழைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு ரிசப்ஷனுக்கு ஆள் எடுப்போம். ஒருநாள் ஒரு முருகேசனின் ரிப்போர்ட் இன்னொரு முருகேசனின் ஃபைலுக்குள் போய்விட்டது. டாக்டர் கவனித்ததால் மருந்து மாறவில்லை. அதன் பிறகுதான் தேர்வு வைக்க ஆரம்பித்தோம்.

முதலில் டைப்பிங் வேகத்தைப் பார்த்தோம். ஒரு வருடத்தில் விட்டுவிட்டோம். எவ்வளவு வேகமாக அடித்தாலும், போன் நம்பரில் ஒரு இலக்கம் விட்டுப்போனால் நோயாளியைப் பிடிக்க முடியாது.

இப்போது மேசையில் பத்து ஃபைல் இருக்கும், அதில் மூன்று முருகேசன். நான் பக்கத்து அறையிலிருந்து போன் செய்து, "முருகேசன் பேசுறேன், ரிப்போர்ட் வந்துருச்சுங்களா?" என்பேன். நம் பக்கம் பெயருக்கு முன்னால் இனிஷியல்தான். அதையும் பலர் சொல்வதில்லை. அப்பா பெயர், வயது, ஊர் என்று திருப்பிக் கேட்பவருக்கே மதிப்பெண்.

அப்புறம், "நாளைக்கு சுகர் டெஸ்ட், சாப்பிட்டு வரலாமா?" என்று கேட்பேன். வெறும் வயிற்றில் எடுப்பதென்றால் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுப்பது வேறு. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. புதிதாக வருபவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "சீட்டுல என்ன டெஸ்ட்டுன்னு எழுதியிருக்கு?" என்றோ, "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றோ சொன்னால் போதும். தெரியாமலே "சாப்பிட்டு வாங்க" என்பவரை எடுப்பதில்லை.

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் உடம்பெல்லாம் வியர்த்து, "நெஞ்சை அடைக்குது" என்று வந்து நிற்கிறார். சர்க்கரை இறங்கினாலும் வியர்க்கும், மாரடைப்பிலும் வியர்க்கும். எதுவென்று டாக்டர் பார்த்துக்கொள்வார். அவரை உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போகாமல் டோக்கன் கொடுப்பவருக்கு அத்தோடு தேர்வு முடிந்தது.

குறையும் உண்டு. வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், கேள்வி வெளியே போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் பெயர்களை மாற்ற வேண்டியிருக்கிறது. பொறுமையை அரை மணியில் அளக்க முடியவில்லை. அதற்காக இரண்டு நாள் சம்பளம் கொடுத்தே வேலை செய்ய வைத்துப் பார்க்கிறோம்.

ஆரம்பத்தில் நிஜ நோயாளிகளின் ஃபைல்களையே தேர்வுக்கு வைத்திருந்தோம். பெரிய தவறு. தேர்வுக்கு வந்த ஒரு பெண் ஒன்றைப் புரட்டிவிட்டு, "இது எங்க பெரியப்பா சார்" என்றார். அன்றே எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்து ஃபைலையும் கற்பனையாக நானே எழுதினேன்.