மூன்று ஆரஞ்சு, ஒரே ஆறு: பெரியாற்றங்கரையின் வெள்ள எச்சரிக்கைச் சேவைகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வெள்ள எச்சரிக்கையிலிருந்து தெரிய வேண்டியவை இரண்டுதான்: தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், வந்தால் எந்தப் படிவரை ஏறும். முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே வள்ளக்கடவில் தொடங்கி வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை, ஐயப்பன்கோவில் என்று இடுக்கி நீர்த்தேக்கம்வரை ஆற்றை ஒட்டி வாழ்கிறவர்களில் கணிசமானோர், தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து தலைமுறைகளாக இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். இவர்களுக்கு மத்திய நீர் ஆணையத்தின் செயலி, வானிலை ஆய்வுத் துறையின் நிற அறிவிப்பு, அணையின் நீர்மட்ட எச்சரிக்கை, தெருவுக்கு வரும் ஒலிபெருக்கி ஜீப் என்று நான்கு வழிகளில் செய்தி வருகிறது. இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையிலும் (வடகிழக்குப் பருவமழை) இவற்றை நம்பி வீட்டுச் சாமான்களைத் தூக்கி வைக்கிறவர்களில் ஒருவனாக, எது எவ்வளவு பயன்படுகிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் செயலி. 1958-ல் தில்லியில் யமுனை ஆற்றுக்கு முன்னறிவிப்பு கொடுக்கத் தொடங்கிய மத்திய நீர் ஆணையம், 2023 ஆகஸ்டில் 'ஃபிளட்வாட்ச் இந்தியா' செயலியை வெளியிட்டது. மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பு 592 நிலையங்களின் வெள்ள நிலவரத்தையும் 150 பெரிய நீர்த்தேக்கங்களின் நீர் இருப்பையும் காட்டுகிறது. முன்னறிவிப்பு 24 மணி நேரத்துக்கும், பொதுவான ஆலோசனை 7 நாட்களுக்கும் கிடைக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. நாட்டின் எந்த மூலையில் ஆறு அபாய அளவைத் தாண்டியிருக்கிறது என்பதை ஒரு சாதாரண மனிதன் தன் கைப்பேசியில் பார்க்க முடிவது சிறிய காரியமல்ல. 2018 பெருவெள்ளத்தின்போது இப்படி ஒன்று எங்கள் கையில் இல்லை என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் அது அறிமுகமானபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு இரண்டுமே எட்டாத மொழிகள். வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதுதான் படித்துச் சொல்ல வேண்டும்.

மொழியைவிடப் பெரிய சிக்கல் அளவுகளில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றின் 142 அடி என்பது அணையின் அடியிலிருந்து எண்ணப்படுவது. இடுக்கி அணையின் 2,403 அடி கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுவது. மத்திய நீர் ஆணையம் ஆற்றின் மட்டத்தை மீட்டரில் சொல்கிறது. திறந்துவிடும் தண்ணீரைத் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் விநாடிக்கு இத்தனை கன அடி என்பார்கள். கேரளத்து அறிவிப்புகளில் பல நேரம் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 35.3 கன அடி. ஒரு மழை நாளில், "அம்பதுதானே தம்பி சொல்றாங்க, போன தடவை ஆயிரத்துச் சொச்சம்னு சொன்னாங்களே, இது கம்மிதான்" என்று பக்கத்து லயத்துப் பெரியம்மா தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றாமல் தரையிலேயே விட்டு வைத்திருந்தார். அவர் காதில் விழுந்த ஐம்பது கன மீட்டர் என்பது விநாடிக்கு 1,765 கன அடி. விளக்கிச் சொன்ன பிறகு நானும் அவர் மருமகளும் மெஷினின் இரும்புக் காலைப் பிடித்துத் தூக்கி வைத்தோம். அறிவிப்பில் பிழை ஏதும் இல்லை, கேட்டவரிடமும் தவறு இல்லை. இரண்டு அளவுகளுக்கும் நடுவில் கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

நிறங்களின் கதை இன்னும் குழப்பமானது. வானிலைத் துறையின் ஆரஞ்சு அறிவிப்பு, மாவட்டத்தில் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை பெய்யக்கூடும் என்பதைக் குறிக்கிறது. கேரளத்து அணைகளுக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கட்டங்கள் உண்டு. அங்கே ஆரஞ்சு என்றால் நீர்மட்டம் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். மத்திய நீர் ஆணையத்தின் ஆரஞ்சோ, ஆறு அபாய அளவைத் தாண்டிவிட்டது, ஆனால் இதுவரை பதிவான உச்சத்தைத் தொடவில்லை என்பதைச் சொல்வது. முதல் ஆரஞ்சில் குடை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். மூன்றாவது ஆரஞ்சில் வீட்டுக்குள் இருப்பதே ஆபத்து. "இன்னிக்கு ஆரஞ்சாம்" என்று டீக்கடையில் ஒருவர் சொல்லும்போது அவர் எந்த ஆரஞ்சைச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை. இந்தத் துறைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசி நிறங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

முல்லைப் பெரியாறு இந்த நிறக் கணக்கிலும் சேராது. 1895-ல் கட்டி முடிக்கப்பட்டு, கேரளத்து மண்ணில் இருந்துகொண்டு தமிழ்நாட்டின் பராமரிப்பில் இருக்கும் அந்த அணையின் எச்சரிக்கைகள் அடிக்கணக்கில் வருகின்றன. நீர்மட்டம் 136 அடியை எட்டும்போதே இடுக்கி மாவட்டத்துக்கு முதல் எச்சரிக்கை போய்விடுகிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகு, அந்த எண் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அதனால் ஒரு தவறான நிம்மதியும் வந்து சேர்ந்தது: 142 வரும்வரை நமக்கு ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. உண்மையில் 2018 ஆகஸ்ட் 15 அதிகாலை மதகுகள் திறக்கப்பட்டது 140 அடியில். 2021 அக்டோபர் 29-ல் திறந்தபோது 139 அடிகூட ஆகவில்லை.

காரணம் 'ரூல் கர்வ்' என்கிற அட்டவணை. மழைக்காலத்தின் ஒவ்வொரு பத்து நாளுக்கும் அணையில் இவ்வளவு அடிவரைதான் வைத்திருக்கலாம் என்று மேல்வரம்பு வகுத்திருக்கிறார்கள். 2021-ல் நவம்பர் 10-க்கு அந்த வரம்பு 139.5 அடி, நவம்பர் 30-க்குத்தான் 142. தேக்கடிச் சுரங்கம் வழியாகக் கிழக்கே தமிழ்நாட்டுக்கு அனுப்ப முடிவது விநாடிக்கு 2,000 கன அடியைச் சற்றே தாண்டிய அளவு. காட்டில் கொட்டும் மழையால் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு நீர்வரத்து வரும் நாளில், அணை வரம்பை நெருங்கியிருந்தால் மிச்சம் மதகு வழியாக எங்கள் பக்கம்தான் வந்தாக வேண்டும். ஆகவே தினமும் காலை ஆறு மணி நிலவரத்தைப் பார்ப்பவர்கள் நீர்மட்டத்தோடு நீர்வரத்தையும் அந்தத் தேதிக்குரிய வரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் காலை நிலவரம் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒழுங்காக வருகிறது. என் அனுபவத்தில், இருக்கிற சேவைகளில் மிகவும் பயனுள்ளது இந்த ஒரு வரிச் செய்திதான். வரம்பையும் பக்கத்திலேயே அச்சிட்டால் அதற்கு மேல் குறை சொல்ல எதுவும் இருக்காது.

நேரம் பற்றிய கேள்வி இதைவிடக் கூர்மையானது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் இரவு வேளைகளில் மதகுகள் திறக்கப்பட்டு வண்டிப்பெரியாற்றுப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. போதிய முன்னறிவிப்பு இல்லை என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தகவல் கொடுத்தே திறந்தோம் என்றது தமிழ்நாடு. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும் தகவல், அங்கிருந்து தாலுகா, பஞ்சாயத்து என்று இறங்கி, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டும்வரை ஆகும் நேரத்தை எந்த எச்சரிக்கையும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் கடைசித் தூரத்தை இன்றும் கடப்பது ஒலிபெருக்கி கட்டிய ஜீப்தான். மழையில் நனைந்துகொண்டு மஞ்சுமலை, கடசிக்காடு, விகாஸ் நகர் என்று சுற்றி வருகிற அந்த ஊழியர்களுக்கும், வீடு வீடாகப் போய் முதியவர்களைத் தோள் கொடுத்து வெளியே கூட்டி வரும் இளைஞர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். குறை என்னவென்றால், அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் வேகமாக ஒருமுறை சொல்லப்பட்டு வண்டி நகர்ந்துவிடுகிறது. எங்களுக்கு மலையாளம் தெரியாது என்று சொல்லவில்லை. கடைத்தெருவில் தினமும் பேசுவதுதான். ஆனால் நள்ளிரவில், தகரக் கூரையில் மழை இரையும்போது, அரைத் தூக்கத்தில் கேட்கும் ஒரு வாக்கியம் தாய்மொழியில் இருந்தால்தான் உடம்பு எழுந்து ஓடும். பீருமேடு, தேவிகுளம் போன்ற தாலுகாக்களில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே வழி செய்திருக்கிறது. மனுவுக்குத் தமிழ் செல்லும் என்றால் உயிர் காக்கும் அறிவிப்புக்கு ஏன் செல்லக்கூடாது? தமிழில் பதிவு செய்த ஒரு நிமிட ஒலியை ஜீப்பில் சேர்த்து ஓடவிட்டால் போதும்.

இதே அணையின் தண்ணீர் கிழக்கே போய் வைகை அணையில் சேரும்போது, 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று தமிழிலேயே அறிவிக்கிறார்கள். தேனியிலிருந்து ராமநாதபுரம்வரை ஆற்றில் மாடு மேய்ப்பவர்களுக்கும் அந்த மூன்று எண்கள் மனப்பாடம். எங்கள் கரைக்கும் அவ்வளவு எளிமையாக ஒன்று வேண்டும். பாலத்தின் தூணில் அடிக்கணக்கில் கோடு வரைந்து, இந்தக் கோட்டைத் தொட்டால் எந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைப்பது. விநாடிக்கு ஆயிரம் கன அடி திறந்தால் வள்ளக்கடவுக்கு எத்தனை மணி நேரம், சப்பாத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற பட்டியலை ரேஷன் கடையில் ஒட்டுவது. இரவில் திறக்க நேர்ந்தால் பொழுது சாயும் முன்பே சொல்லிவிடுவது. கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை இந்தக் கரையில் இருப்பவர்கள் செயலியை வெள்ளத்தின் போக்கைத் தெரிந்துகொள்ளவும், காலை ஆறு மணி நிலவரத்தை முடிவெடுக்கவும் பயன்படுத்தலாம். அணையின் நீர்மட்டம் அந்தத் தேதிக்குரிய வரம்புக்கு ஓர் அடி கீழே இருக்கும் அளவுவரை ஏறி, காட்டில் மழையும் விடாமல் இருந்தால், ஜீப்புக்காகக் காத்திராமல் ரேஷன் அட்டை, ஆதார், மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பையில் போட்டு, வயதானவர்களை மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அன்று பகலிலேயே அனுப்பிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை அழைத்து, எத்தனை மதகு, எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.