சீந்தில் கொடியோடு ஆறு வருஷம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சா, அதாவது முன்தாழ்வாரம், மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மறைக்கத்தான் 2019 ஆவணியில் சீந்தில் வைத்தேன். மானூர்ப் பக்கம் வேப்பமரத்தில் கிடந்த கொடியில் ஒரு முழத் துண்டு, அவ்வளவுதான். அடுத்த ஆனிக்குள் கம்பிவலை தெரியவில்லை. உரம் கிடையாது, பாத்திரம் கழுவிய தண்ணீர் போதும்.

குறை இல்லாமல் இல்லை. சித்திரையில், நிழல் வேண்டிய நேரத்தில், பாதி இலையைக் கொட்டிவிடும். காகிதம் போல் தோல் உரிந்த தண்டைப் பார்த்து, வருகிறவர்கள் “பட்டுப்போச்சா?” என்பார்கள். பொடிப்பொடியாக மஞ்சள் பூப்பதும் அப்போதுதான். காய்த்ததே இல்லை. இதில் ஆண், பெண் தனித்தனிக் கொடி. எனக்கு வாய்த்தது ஆண். சிவப்புப் பழம் ஆசைப்பட்டால் பழுத்த கொடியில் துண்டு கேளுங்கள்.

என் தப்பு, முருங்கைக்குத் தாவியதை விட்டுவிட்டது. 2022 ஆடிக் காற்றில் பாரம் தாங்காமல் முருங்கை முறிந்து தட்டோடி (மொட்டைமாடி)ச் சுவரில் விழுந்தது. கோபத்தில் கொடியை முழங்கால் உயரத்தில் அறுத்தேன். மேலே தொங்குவது காயட்டும் என்று இருந்தால், பத்துப் பதினைந்து நாளில் அறுத்த இடத்துக்குச் சற்று மேலிருந்து இளம்பச்சையில் நூல் மாதிரி ஒரு வேர் இறங்குகிறது! தினமும் காப்பி டம்ளரோடு போய்ப் பார்ப்பேன். ஒருநாள் துவைக்கிற கல்லோரம் மண்ணைத் தொட்டுவிட்டது. இப்போது அந்த நூல் என் சுண்டுவிரல் தடிமன். “அமிர்தவல்லின்னு சும்மாவா பேர் வச்சாங்க” என்றாள் ஆச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வளவுக்குள் தண்ணீர் நின்று கறிவேப்பிலை அழுகியது, இது அசையவில்லை.

கொரோனா காலத்தில் கஷாயத்துக்கென்று தெருவே வந்து ஒடித்தது. 2021இல் மும்பை மருத்துவர்கள் சிலர், சீந்தில் குடித்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பு கண்டதாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. நான் நிழலுக்கு வைத்தவன். துண்டு தருவேன், அளவு சொல்லமாட்டேன்.

இப்போதெல்லாம் ஆனி பிறந்ததும் ஏணி போட்டுக் கழித்துவிடுகிறேன். அப்புறம், கழித்ததைச் சுவரோரம் குவிக்காதீர்கள். போன வருஷக் குவியலில் மூன்று துளிர்த்து, ஒன்று பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறியிருக்கிறது. அந்த அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.