கண்ணாடித் தளம் போட்ட காட்சிப் பெட்டி: இரண்டு வருடம், மூன்று போட்டி, ஒரு கார்

பெட்டி வந்து இறங்கியபோது அதன்மேல் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. பழுப்பு அட்டைப்பெட்டி, உள்ளே குமிழி உறை, அதற்குள் ஒரு சின்னப் பையில் இரண்டு திருகு. செய்முறைத் தாள்கூடக் கிடையாது. அதனால் பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்கிறேன். ஐந்து பக்கமும் ஒட்டிய 3 மி.மீ. அக்ரிலிக் மூடி. கீழே கறுப்புத் தளம், அதன்மேல் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு. மூடியின் மேல் ஓரத்தில் எல்இடி பட்டை, பின்னால் யுஎஸ்பி வயர். உள்ளளவு நீளம் 230, அகலம் 120, உயரம் 100 மி.மீ. இதே அமைப்பில் பல இடங்களில் விற்கிறார்கள், பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கியது நான் கட்டிய 1/24 அளவு (நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கார், டொயோட்டா 2000ஜிடி ஒன்றுக்காக. நிஜக் கார் 4,175 மி.மீ. நீளம், மொத்தமே 351 வண்டிகள்தான் செய்தார்கள். 24-ல் வகுத்தால் 174 மி.மீ. முன்னும் பின்னும் தலா இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் விட்டு அழகாக நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது. கண்ணாடியைப் பற்றித்தான் நான் எந்தக் கணக்கும் போடவில்லை.

முதல் நாள் காரை உள்ளே வைத்து விளக்கைப் போட்டதும் வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அக்கா மகன் தரையில் உட்கார்ந்து, கண்ணை மேசை மட்டத்துக்கு வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, கார் தண்ணி மேல நிக்குது." நான் சிரித்தேன். அப்புறம் நானும் குனிந்து பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. டயரின் அடிக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி.

காரணம் எளிது. இந்த மாதிரித் தகட்டில் ரசம் பூசியிருப்பது அடிப்பக்கத்தில். டயர் நிற்பது மேல்பரப்பில். நடுவே 3 மி.மீ. அக்ரிலிக் இருக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் பிம்பம் சுமார் 4 மி.மீ. கீழே தள்ளித் தெரியும், சாய்ந்து பார்க்கப் பார்க்க அது குறையும். நாலு மி.மீ. என்பது சின்னதுதான், ஆனால் 1/24-ல் அது கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே மிதந்தால் எப்படி இருக்கும்? 1 மி.மீ. தகடாகப் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை மூன்றில் ஒரு பங்காகியிருக்கும். செய்தவர்கள் உறுதியை யோசித்திருக்கிறார்கள், பார்வையை யோசிக்கவில்லை. இதற்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன்.

ஆனால் அதே கண்ணாடிதான் எனக்குப் பாடம் எடுத்தது. நான்கு சக்கரத்துக்கும் அந்த இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும் அல்லவா? பின் இடது சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக இருந்தது. சக்கரம் 0.3 மி.மீ. தூக்கி நின்றால் பிம்பமும் அதே அளவு கீழே போகும், ஆக வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். மரத்தளத்தில் வைத்திருந்தால் நான் வருடக்கணக்கில் கவனித்திருக்க மாட்டேன். மாடல் போட்டி நடுவர்கள் கவனிப்பார்கள். கார் பிரிவில் அவர்கள் முதலில் பார்ப்பதே நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா, நேராக நிற்கிறதா என்பதைத்தான். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. சக்கர அச்சு நுழையும் துளையை ஊசி அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கினேன். காரைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, நான்கும் தொட்ட நிலையில் பசை விட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். இப்போது நான் கட்டுகிற எல்லா வண்டிக்கும் இந்தச் சோதனை உண்டு.

சரி, முதல் போட்டி. பெட்டியோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன், மூடியைக் கழற்றினேன். பெரும்பாலான போட்டிகளில் நடுவர்கள் மாடலைக் கையால் தொட மாட்டார்கள். சின்ன டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். சாதாரணத் தளத்தில் நிற்கும் காரின் அடிப்பகுதியில் பாதிக்கு மேல் இருட்டிலேயே போய்விடும். என் கார் கண்ணாடி மேல். வந்த நடுவர் மேல் பக்கத்தை அரை நிமிடம் பார்த்தார். பிறகு டார்ச்சைக் கண்ணாடியை நோக்கித் திருப்பினார். அங்கே நின்றவர் நின்றவர்தான்.

"சார், மேல நல்லா உழைச்சிருக்கீங்க. கீழ மட்டும் அச்சுல இருந்து எடுத்த மாதிரியே விட்டுட்டீங்களே."

அவர் சொன்னது அப்படியே உண்மை. பிளாஸ்டிக் பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் குச்சிகள் விட்டுப்போகும் வட்டத் தழும்புகள் சேஸியில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், ஆறோ ஏழோ, ஒன்றையும் நான் அடைக்கவில்லை. சைலன்சர் குழாயில் இரண்டு பாதிகளும் சேரும் கோடு அப்படியே. முழுக்க ஒரே கறுப்பு. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்ட இடத்தையெல்லாம் விளக்குப் போட்டு, கண்ணாடி வைத்து, நானே ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கறுப்புத் துணியில் நின்ற ஒரு ரேஸ் காருக்கு அந்த வகுப்பில் பரிசு. அதன் அடிப்பக்கம் எப்படி இருந்ததோ, யாருக்கும் தெரியாது.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அடிப்பக்கம் முடிக்காத காரைக் கண்ணாடி மேல் வைக்காதீர்கள். பானெட் திறக்காத, இன்ஜின் இல்லாத 'கர்ப்சைடு' வகைக் கார்களைக் கட்டுபவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் அந்தக் கிட்களில் (கட்டுவதற்கான பாகத் தொகுப்புகளில்) பலவற்றுக்குச் சேஸியே ஒரு தட்டையான தகடுதான். காட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் கண்ணாடி எதற்கு?

நான் பெட்டியை மாற்றவில்லை, சேஸியை மாற்றினேன். தழும்புகளைப் புட்டியால் அடைத்துத் தேய்த்தேன். பிரேக் குழாய்க்கு மெல்லிய கம்பி ஓட்டினேன். சைலன்சருக்கு மூன்று உலோக நிறம், வெப்பம் ஏறும் இடத்தில் கொஞ்சம் நீலமும் பழுப்பும். ஏழு வாரம் பிடித்தது. இரண்டாவது போட்டியில் மூன்றாம் இடம். கண்ணாடிக்கு அந்த நன்றி உண்டு.

விளக்கு பற்றி. எல்இடி வெள்ளை கொஞ்சம் நீலம் கலந்தது. என் காரின் பால்வெள்ளை அதில் பால்வெள்ளையாகவே தெரியாது, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி தெரியும். நிறத்துக்காக இதை நம்ப வேண்டாம். ஆனால் எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. பட்டை நேர்கோடாக இருப்பதால் அதன் பிரதிபலிப்பு காரின் கூரையில் ஒரு கோடாக விழும். கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாப் பளபளப்புப் பூச்சு) மட்டமாக இருந்தால் கோடு கத்தி மாதிரி இருக்கும். ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளம் இருந்தால் கோடு நெளியும். பாலிஷ் போடும்போது காரை இந்த விளக்குக்குக் கீழே வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டேன். பூச்சு 0.1 மி.மீ. தடித்தாலே நிஜக் காரில் 2.4 மி.மீ. தடித்த மாதிரி, கதவு இடுக்கெல்லாம் நிரம்பிவிடும். அதனால் கோடு நேராகும்வரை மேலே மேலே அடிப்பதற்குப் பதில் தேய்த்துத்தான் நேராக்க வேண்டும்.

இனி என் முட்டாள்தனங்கள், இவற்றுக்குப் பெட்டி பொறுப்பில்லை. கிளியர் அடித்த மூன்றாம் நாளே காரை உள்ளே வைத்து மூடினேன். காய்ந்த மாதிரி தோன்றும், ஆனால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் மூடியின் உள்பக்கம் மெல்லிய பனிப்படலம் போல மங்கிவிட்டது. அதைத் துடைக்க ஆல்கஹால் எடுத்தேன் பாருங்கள், அது அடுத்தது. அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால், அதுவும் ஒட்டிய மூலைகளில், முடி போல வெடிப்பு விழும். எனக்குப் பின் மூலையில் இரண்டு விழுந்தது. இப்போது ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் மட்டும்தான். உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் ஏறி, துடைத்த தூசியைவிட அதிகமாக வந்து ஒட்டும்.

டயர் விஷயம் இன்னொன்று. மென்மையான வினைல் டயர்களில் இருக்கும் எண்ணெய் மாதிரியான சேர்மானம் நாளாக நாளாகக் கசிந்து பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். என் பழைய பெட்டி ஒன்றின் தளத்தில் நான்கு டயரும் பதிந்து பள்ளமே விழுந்திருக்கிறது. இந்த அக்ரிலிக் கண்ணாடியில் இரண்டு வருடத்தில் நான்கு மங்கலான புள்ளிகள் மட்டும், துடைத்தால் பாதி போகிறது. வீட்டில் வைக்கும் நாட்களில் டயருக்குக் கீழே சின்னதாக அலுமினியத் தாள் வெட்டி வைக்கிறேன்.

பயணத்தில் இந்தப் பெட்டி நன்றாக நடந்துகொள்கிறது. அந்த இரண்டு திருகும் சேஸி வழியாக ஏறிக் காரைப் பிடித்துக்கொள்ளும். நான் சேஸிக்குள் சின்னப் பித்தளைக் குழாய் ஒட்டி அதில் மரை போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் நாலு தடவை கழற்றி மாட்டினாலே பிளாஸ்டிக் தேய்ந்துவிடும். மூன்று போட்டிக்கும் நான் ஓட்டும் காரின் பின் இருக்கையில் கொண்டுபோனேன், மாடலின் ஒரு பக்கக் கண்ணாடிகூட உதிரவில்லை. அவற்றை 0.5 மி.மீ. கம்பி செருகி ஒட்டியிருந்ததும் ஒரு காரணம். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை அமெரிக்கப் பையன்களுக்கு நடத்திய கைவினைப் போட்டிதான் நினைவுக்கு வரும். பின்னாளில் அவர்கள் தாங்களே வடிவமைத்துச் செதுக்கிய 1/12 கார்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பெட்டிகளைச் செய்ததற்கும் தனியாக மதிப்பெண் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது போட்டியில் தளத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று விதித் தாளிலேயே இருந்தது, மூடியும் கழற்ற வேண்டும். பல போட்டிகளில் இப்படித்தான். டயோராமா (மாடலைச் சுற்றி ஒரு காட்சியையே அமைப்பது) பிரிவில் தவிர, கண்ணாடியும் விளக்கும் உங்களுக்கு நேரடியாக ஒன்றும் சம்பாதித்துத் தராது. ஆகவே பரிசுக்காக இதை வாங்குவதில் அர்த்தமில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தகடு மெல்லியதாகவும், விளக்கு கொஞ்சம் மஞ்சள் கலந்தும் இருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் போதும். நீண்ட அமெரிக்க வண்டிகள் கட்டுபவர்கள் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 காடிலாக்கின் நிஜ நீளம் 225 அங்குலம், அதாவது 5,715 மி.மீ. 1/25-ல்கூட 228.6 வருகிறது. உள்ளளவு 230. முன்னால் 0.7, பின்னால் 0.7 மி.மீ. வைக்கலாம், மூடியை இறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டால்.

எனக்கு அந்தக் காடிலாக்தான் இப்போது மேசையில் பாதி முடிந்து கிடக்கிறது. அதற்கு 300 மி.மீ. பெட்டி ஒன்று சொல்லியிருக்கிறேன். விளக்கு வேண்டாம், தளம் கறுப்பாக இருக்கட்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டு, சேஸித் தழும்புகளையும் அடைக்க ஆரம்பித்துவிட்டேன்.