ஓர் அறைதான் மீதமாம், 14 பேர் பார்க்கிறார்களாம்

போன நவம்பரில் வவுனியாவிலிருந்து பெரியப்பாவின் மகள் போன் எடுத்தார். "தம்பி, பிள்ளைகளோட ரெண்டு நாள் திருமலைக்கு வாறம், கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் காட்டவேணும், நிலாவெளிப் பக்கம் ஒரு அறை பாத்து வை." நான் இருப்பது திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில். நேரில் போய் விசாரித்திருக்கலாம்தான், ஆனால் நல்ல மழை, எனக்குச் சோம்பல். அதனால் எல்லோரும் பயன்படுத்துகிற ஓர் அறை முன்பதிவுத் தளத்தைத் திறந்தேன். பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தங்கிப் போனவர்களின் விமர்சனங்களை மாத வாரியாகவும், குடும்பமாக வந்தவர்கள், தனியாக வந்தவர்கள் என்றும் பிரித்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் தங்கியவர் 'குளியலறைச் சுவரில் ஈரம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஓர் இடத்தை உடனே கழித்துவிட்டேன். எந்தத் தேதி வரை காசில்லாமல் ரத்துச் செய்யலாம் என்பதும் அறைக்குப் பக்கத்திலேயே பச்சையில் தெளிவாக இருந்தது. வரைபடமும் சரி.

அப்புறம் ஆரம்பித்தது. பிடித்த கெஸ்ட் ஹவுஸைத் தொட்டவுடன் சிவப்பில் 'ஓர் அறை மட்டுமே மீதம்'. அதன் கீழே 'இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்'. மேலே 20 நிமிட டைமர் ஓடுகிறது. விலை 19,800 என்று வெட்டி 11,900 என்று போட்டிருந்தது. நான் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன், இதெல்லாம் தெரியும், தெரிந்தும் நெஞ்சு கொஞ்சம் வேகமாகத்தான் அடித்தது. 1984 இல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர், ஆட்களை இணங்க வைக்கிற ஆறு வழிகளை வகுத்து எழுதினார். கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கத் தோன்றுவது, ஒருமுறை ஒத்துக்கொண்டதை விடமுடியாமல் போவது, ஊரோடு ஒத்துப் போவது, பெரியவர் சொன்னால் கேட்பது, பிடித்தவர் சொன்னால் கேட்பது, கிடைக்காமல் போய்விடுமோ என்று பதறுவது. அந்த ஒரு திரையில் மட்டும் அவற்றில் இரண்டு மூன்றை எண்ணினேன்.

டைமரைச் சோதித்துப் பார்த்தேன். தளத்தை மூடி வேறு பிரவுசரில் திறந்தால் மறுபடி 20 நிமிடம், முதலிலிருந்து! சரி, இனி நம்பக்கூடாது என்று மழை விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த கெஸ்ட் ஹவுஸுக்கே போய்விட்டேன். உரிமையாளர் வாசலில் கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு அறைதான் மிச்சமாமே?"

சிரித்தார். "தம்பி, பதினொரு அறையில ஒன்பது சும்மா கிடக்கு. அவங்களுக்கு நான் ஒரு அறைதான் குடுத்து வச்சிருக்கிறன்."

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தால், சிவப்பு எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு எட்டாத அளவில் 'எங்கள் தளத்தில்' என்று இருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. மீன் சந்தையில் அண்ணன்மாரும்தான் "கடைசிக் கூறு, விட்டா இல்லை" என்று கத்துகிறார்கள். ஆனால் அங்கே நான் எட்டிப் பார்த்தால் பெட்டி காலியா இல்லையா என்று தெரிந்துவிடும். இங்கே பெட்டியை அவர்களே மூடி வைத்துக்கொண்டு கத்துகிறார்கள். எனக்கு எரிச்சல் அதில்தான். நானும் ஒரு துணிக்கடைக்கு இப்படி டைமர் போட்டுக் கொடுத்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கூச்சமாக இருந்து எடுத்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. இரண்டு இரவுக்கு 23,800 ஆக இருந்தது, பெயர், போன் நம்பர் எல்லாம் நிரப்பி முடித்த கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம், வரி என்று 31,000ஐத் தாண்டி நின்றது. இவ்வளவு தூரம் வந்தவன் திரும்பமாட்டான் என்ற கணக்கு. காப்புறுதிக்கு அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். அந்த டிக்கை நீக்கப் போனால் 'வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். இப்படியான வேலைகளுக்கு 2010 இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். எல்லாவற்றையும் விட வேடிக்கை, புறாத்தீவுக்குப் படகுப் பயணமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கிற நவம்பரில்! மே முதல் செப்டம்பர் வரைதான் அதற்குக் காலம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிரித்தானியாவில் போட்டி, சந்தைகள் அதிகாரசபை இதே அவசரப்படுத்தல், மறைத்த கட்டணம் இரண்டையும் விசாரித்து, 2019 இல் ஆறு பெரிய ஹோட்டல் முன்பதிவுத் தளங்களிடம் மாற்றிக்கொள்வதாக உறுதி வாங்கியது. நாங்கள் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு இருக்கிறோம்.

5க்கு 2 தருவேன், இரண்டும் விமர்சனங்களுக்கும் வரைபடத்துக்கும். அங்கே இடத்தைத் தேர்ந்துகொண்டு, கெஸ்ட் ஹவுஸுக்கே போன் எடுங்கள். அக்கா குடும்பத்துக்கு உரிமையாளர் ஓர் இரவுக்கு 10,000க்குக் கொடுத்தார், காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சேர்த்து. தளத்திலிருந்து இன்னும் எனக்கு வாரத்துக்கு இரண்டு மின்னஞ்சல் வருகிறது, 'நிலாவெளி உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது' என்று.