ஒரே வளைவு, ரெண்டு 108

இந்த ஜூலையில் பதினெட்டு நாள் ஊரில் இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கி, புனலூர் வழியாக மலை ஏறி இறங்கினால் எங்கள் ஊர்ப் பக்கம். சித்தி வீடு ஆரியங்காவில், கேரளா. அக்கா வீடு புளியரையில், தமிழ்நாடு. நடுவில் எல்லை, கோட்டைவாசல். பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனாலும் லேண்ட்லைன் காலத்தில் அக்கா சித்தியைக் கூப்பிட 0475 போட வேண்டும், சித்தி அக்காவைக் கூப்பிட 04633. தாத்தா காலத்தில் ரெண்டுமே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல்தான் புளியரையோடு சேர்த்து செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. "கோடு போட்டவன் செல்ஃபோன் டவரை யோசிக்கலை மாப்ளே" என்பார் அத்தான். விளையாட்டுப் பேச்சு என்றுதான் நாலாவது நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாரல். பாலருவி பார்த்துவிட்டு அத்தான் காரில் புளியரைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவில் எங்களுக்கு முன்னால் போன பைக் அப்படியே சறுக்கி ஓரத்துக் கல்லில் போய் மோதியது. இருபது இருபத்திரண்டு வயசுப் பையன். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. முழங்காலுக்குக் கீழே பார்க்கவே முடியவில்லை. நான் 108 அடித்தேன். எடுத்தது மலையாளம்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்தது. எந்த ஜில்லா என்று கேட்டார். எனக்குத் தென்காசியா கொல்லமா என்று வாயில் வரவில்லை. "செக்போஸ்ட் தாண்டியாச்சா, தாண்டலையா?" என்று அடுத்த கேள்வி. பேசிக்கொண்டே வந்ததில் அதையும் கவனிக்கவில்லை. அத்தான்தான் சத்தம் போட்டார்: "தாண்டியாச்சு, தமிழ்நாடுன்னு சொல்லு!" சொன்னதும் அந்தப் பெண், இது கேரளக் கட்டுப்பாட்டு அறை, பக்கத்தில் வேறு ஃபோன் இருந்தால் அதிலிருந்தும் அடியுங்கள், நான் லைனில் இருக்கிறேன் என்றார். அத்தான் தன் ஃபோனில் 108 அடித்தார். "வணக்கம்" என்று தமிழில் ஒரு பையன் குரல். நாங்கள் ரெண்டு பேரும் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தோம். என் காதில் கேரளா, அவர் காதில் தமிழ்நாடு.

வண்டி வர இருபத்தி ரெண்டு நிமிஷம் ஆனது. அடிபட்டவனைத் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வாங்கிய சிம் என்பதால்தான் அப்படிப் போனது என்று நினைத்தேன். செங்கோட்டை பஜாரில் மொபைல் கடைத் தம்பி சிரித்தார். "சிம் எங்க வாங்குனா என்ன சார்? உங்க ஃபோன் எந்த டவரைப் புடிச்சிருக்கோ அதுதான் கணக்கு." 108, 112, 1912 மாதிரிச் சின்ன எண்களுக்கு எஸ்.டி.டி. கோடு கிடையாது. எந்த டவர் வழியாக அழைப்பு ஏறுகிறதோ அந்த மாநிலத்து அறைக்குப் போய்விடும். மலைச்சரிவில் மேலே இருக்கும் கேரள டவர் கீழே நிற்பவன் ஃபோனையும் இழுத்துக்கொள்ளும். என் சிம் கம்பெனிக்கு அங்கே கேரள டவர் பலம், அத்தான் சிம் கம்பெனிக்குத் தமிழ்நாட்டு டவர். குமுளி, வாளையார், களியக்காவிளை எல்லாவற்றிலும் இதே கதைதானாம்.

108-இன் கதையும் எல்லை தாண்டி வந்ததுதான். 2005-ல் ஒன்றுபட்ட ஆந்திராவில் ஆரம்பித்து, 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. எண் ஒன்று, நடத்துவது அந்தந்த மாநிலம். போலீஸ், தீ, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்று சொல்லப்படும் 112-உம் இப்படித்தான். எடுப்பது டவர் இருக்கும் மாநிலம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 112-இல் ஒரு சௌகரியம் உண்டு. ரோமிங்கில் இருக்கும் ஃபோனும் அதை அவசர எண் என்று தானே தெரிந்துகொள்ளும். சிங்கப்பூர்ப் பழக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு 995 அடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். எந்த எண்ணை அடித்தாலும் முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், தாலுகா சொல்லிவிடுங்கள். "எஸ் வளைவு" என்றால் நமக்குத் தெரியும், எங்கேயோ ஒரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாது.

சித்தி வீட்டு அடுக்களையில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தாளைக் கிழித்துக் கிழித்து மெலிந்துபோன அந்த அட்டையின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எண்கள்: கரண்டு 1912, கேஸ் லீக் 1906, பிள்ளைகளுக்கு 1098, பொம்பளைகளுக்கு 181. கீழே தனியாக ரெண்டு கோடு போட்டு 1056. அது கேரள சுகாதாரத் துறையின் 'திசா'. கொரோனா சமயத்தில் மனப்பாடம் ஆனதாம். மாத்திரை ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்ய என்று என் எதிரிலேயே கூப்பிட்டுக் கேட்டார், பாதி தமிழ், பாதி மலையாளம். பதில் சொன்னவர் பொறுமையாக மாத்திரை அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். நான் கண்ணாடி இல்லாமல் தடுமாற, சித்தி "எய்யா, கொண்டா இங்கே" என்று பிடுங்கிப் படித்துவிட்டார். தமிழ்நாட்டு டவரில் இருப்பவர்கள் அதே இடத்துக்கு 0471 2552056 என்று முழு எண்ணாக அடிக்கலாம். இந்தப் பக்கத்தில் மருத்துவ ஆலோசனைக்கு 104.

அக்கா வீட்டில் கரண்டுக்கு 1912 சரிப்படாது. என் ஃபோனிலிருந்து அடித்தால் கேரள மின்வாரியத்துக்குத்தான் போகும். அவர்களுக்குப் புளியரை டிரான்ஸ்ஃபார்மரோடு என்ன சம்பந்தம்? தமிழ்நாட்டு மின்வாரியம் 2021-ல் திறந்த மின்னகம், 94987 94987, முழுசாகப் பத்து இலக்கம். எந்த டவரில் நின்று அடித்தாலும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். நான் வைத்துக்கொள்ளாமல் கூப்பிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பழைய பில்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சின்ன எண்களிலும் எல்லை பார்க்காதவை உண்டு. ரயிலுக்கு 139, ஆதாருக்கு 1947. பொதிகை எத்தனை மணி நேரம் தாமதம் என்று கேட்க மட்டும் 139-ஐ நாலு தடவை தொந்தரவு செய்தேன்.

என் வயிற்றெரிச்சல் வேறு. எனக்குக் கணக்கு இருக்கும் வங்கி ஒன்று, பெயர் வேண்டாம். அவர்களுடைய 1800 எண் சிங்கப்பூரிலிருந்து போகவே போகாது. சரி, ஊரில் இருக்கும்போது முடித்துவிடலாம் என்று கூப்பிட்டால், தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு ரெண்டு, இதற்கு மூன்று என்று அழுத்த வைத்து, கடைசியில் ஓ.டி.பி.-யை அணைத்து வைத்திருந்த சிங்கப்பூர் எண்ணுக்கு அனுப்பினார்கள். நான் மாற்றச் சொன்னதே அந்த எண்ணைத்தான். நாற்பது நிமிஷம் போனது. ஃபோன் காது சுட்டுவிட்டது.

அதைவிட மோசம் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் விவகாரம். குளிர் நின்றுபோனது. மருமகன் இணையத்தில் கஸ்டமர் கேர் எண் தேடி, முதலில் கண்ணில் பட்டதைக் கூப்பிட்டான். எடுத்தவன் அவ்வளவு மரியாதையாகப் பேசினான். பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்தான், இந்த ஆப்பை மட்டும் இறக்குங்கள் என்றான். திரையில் நாம் செய்வதையெல்லாம் அவன் அங்கிருந்து பார்க்கிற ஆப் அது. பத்து ரூபாய் போன கையோடு நாலாயிரத்து எண்ணூறும் போனது. உடனே 1930 அடித்தோம். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் எங்காவது முடக்கப் பார்ப்பார்கள். கணக்கு எண், பரிவர்த்தனை எண், நேரம் எல்லாம் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். ஒரு பகுதியை முடக்கியிருப்பதாக ரெண்டாம் நாள் தகவல் வந்தது. அவனுடைய எண்ணை இணையத்திலிருந்து எடுத்தோமே தவிர, கம்பெனியின் உண்மையான எண் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருந்தது. சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டுக் காலண்டர் அட்டையிலும் சித்தி வீட்டு மாதிரியே எழுதிக் கொடுத்தேன். மின்னகம், 104, 1930, கேஸ், ஃபிரிட்ஜ் ஸ்டிக்கர் எண் எல்லாம் வரிசையாக வந்தது. 108-க்கு வந்ததும் பேனா நின்றது. டவர், மாநிலம் என்றெல்லாம் எழுத அட்டையில் இடம் இல்லை, எழுதினாலும் அவசரத்தில் அக்கா படிக்கப் போவதில்லை. கடைசியில் அதற்கு நேரே, "அத்தான் ஃபோன்ல இருந்து" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.