சாம்பல் கல் வீட்டில் 7 வருடம்: தூண் ஓரத்து விரிசல்

நேற்றுதான் பெயிண்டர் வேலையை முடித்துவிட்டுப் போனார். ஹாலில் தூண் ஓரமாகத் தரையிலிருந்து பீம் வரை ஓடும் அந்த முடி விரிசலை அடைப்பது இது மூன்றாவது முறை. இன்று காலை, பொன்னேரியில் வீடு கட்டப்போகும் நண்பர் போனில், "ஃப்ளை ஆஷ் கல்லே போட்டுடலாமா?" என்று கேட்கிறார். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த சாம்பலைச் சேர்த்து வார்க்கும் கல் அது, சாம்பல் கல் என்று நான் சொல்வது அதைத்தான்.

மீஞ்சூர் பக்கம் எங்கள் வீடு. நான் சாம்பல் கல் எடுத்தது விலைக்காக இல்லை. எண்ணூர்க் கழிமுகத்துக்காக. அனல்மின் நிலையக் குழாயிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேறாகப் படிந்து கிடப்பதைப் பார்த்தவன் நான். இறால் தேடிக் கை விடுகிற இடத்தில் சாம்பல். அது ஆற்றுக்குப் போகாமல் சுவருக்காவது போகட்டும் என்று நினைத்தேன். அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கி.மீ.க்குள் கட்டுமானத்தில் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்று 1999-லேயே மத்திய அரசு விதி போட்டது. 2016-இல் அதை 300 கி.மீ. ஆக்கினார்கள்.

கல் அருமையான கல். எல்லாம் ஒரே அளவு, முனை மழுங்காதது. பூச்சு குறைவாகவே பிடித்தது. அப்பாவின் பழைய வீட்டில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துச் சுவர் உதிரும். இங்கே 7 மழைக்காலம் போயும் உப்பு ஏறவில்லை.

ஆனால் அந்த விரிசல்! மொத்தம் ஐந்து இடம். ஐந்துமே கல்லும் கான்கிரீட்டும் சேருகிற இடம். சுவர் நடுவில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கல் சூளையில் வேகிறதில்லை, தண்ணீரில்தான் இறுகுகிறது. வார்த்தபின் இரண்டு மூன்று வாரம் நனைத்து, அப்புறம் நன்றாகக் காயவிட வேண்டும். காயும்போது கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் கல் வார்க்கிற யார்டிலேயே முடிந்துவிட வேண்டும். எங்கள் லோடு இறங்கும்போதே கை ஈரமானது. கேட்டதற்கு, "காய்ஞ்சிடும் சார்" என்றார்கள். காய்ந்தது, என் சுவரில். பூசும் முன் தூணையும் கல்லையும் சேர்த்துக் கோழிவலை அடித்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். மேஸ்திரி அடிக்கவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. கல் மேல் குற்றமில்லை என்று நன்றாகத் தெரிகிறது. இருந்தும் தினமும் காபியோடு உட்கார்ந்தால் எதிரே அந்தக் கோடுதான், கோபம் அடங்கவில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் வாளியில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த லோடு வேண்டாம்.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவர் வேலை பார்ப்பது துபாயில், யார்டில் நின்று பார்க்க ஆளில்லை. சூளைக் கல்லே எடுங்கள் என்றேன். அடுத்த மாதம் எங்கள் மாடியில் ஒரு அறை எழுப்புகிறோம். அதற்கு 4,000 சாம்பல் கல் சொல்லியிருக்கிறேன். வார்த்த தேதியைச் சீட்டில் எழுதித் தந்தால்தான் பணம்.