சிறுகோளுக்கு மகள் பெயர்: ரூ.2,499-க்கு வந்தது ஒரு ஃபிரேம்

மகளுக்குப் பத்து வயது முடிந்தது. சைக்கிள் போன வருஷமே வாங்கியாச்சு, துணி எடுத்தால் அவளுக்குப் பிடிப்பதில்லை. அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம்: ஒரு சிறுகோளுக்கு உங்கள் செல்லத்தின் பெயர், ரூ.2,499, டெலிவரி இலவசம். செஸ், வானம் இரண்டிலும் பைத்தியமாகத் திரியும் பிள்ளை. யோசிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டேன். கடைப் பெயரை எழுதப்போவதில்லை. நான் ஏமாந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியில் இருந்தவை: கறுப்பு ஃபிரேம் போட்ட சான்றிதழ், மடித்து வைத்த வான வரைபடம், சுவரில் அடிக்க இரண்டு ஆணி. சான்றிதழில் பிள்ளை பெயர் சுருள் எழுத்தில், பிழையில்லாமல். ஓரத்தில் தங்க முத்திரை. விரலால் தடவினால் மினுமினுப்பு கையோடு வருகிறது. அடியில் சிறுகோளின் அடையாளம் என்று "2007 ஐகே 44". நான் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த வரியைப் பார்த்தாள்.

"அப்பா, ஐ வராதே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். புதிதாக ஒரு சிறுகோள் கண்ணில் பட்டால் உடனே பெயர் கிடையாது, தற்காலிக அடையாளம்தான். முதலில் வருஷம், அடுத்து ஓர் ஆங்கில எழுத்து. மாதத்தை இரண்டு பாதியாக்கி, ஜனவரி முன்பாதிக்கு ஏ, பின்பாதிக்கு பி என்று போய் டிசம்பர் பின்பாதி ஒய்யில் முடியும். அரை மாதங்கள் 24, எழுத்துகள் 26. ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் ஐயை விட்டுவிட்டார்கள். இசட்டுக்கு வேலையே வரவில்லை. ஆக, என் மகள் பெயர் தாங்கிய கல், காலண்டரில் இல்லாத ஒரு பதினைந்து நாளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

கடைக்கு மெயில் போட்டேன். "எங்கள் சொந்தப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறோம் சார்" என்று பதில். பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், பெயர் அச்சடித்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லையாம். நான் ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சொந்தப் பதிவேடு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

உண்மையான பதிவேடு சர்வதேச வானியல் ஒன்றியத்தினுடையது. அங்கே காசு செல்லாது. பல வருஷம் பார்த்துப் பார்த்துப் பாதை உறுதியான பிறகுதான் சிறுகோளுக்கு நிரந்தர எண் கிடைக்கும். எண் வந்ததும் கண்டுபிடித்தவருக்குப் பத்து வருஷம் வரை பெயர் முன்மொழியும் உரிமை. கூடவே ஏன் இந்தப் பெயர் என்று இரண்டு வரி எழுதித் தர வேண்டும். 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், விளம்பர வாடை அடிக்கக் கூடாது. அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும் (இந்த விதியை நம் தெருப்பெயர்களுக்கும் போட்டால் தேவலை). கடைசியில் ஒரு குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு லட்சத்துக்கு மேல் எண் வாங்கியாச்சு. பெயர் வாங்கியவை அதில் மிகச் சொற்பம்.

இதையெல்லாம் காசில்லாமல் பார்க்க நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் ஒரு தேடல் பக்கம் வைத்திருக்கிறது, ஸ்மால் பாடி டேட்டாபேஸ். இந்த விமர்சனத்தின் நல்ல பாதி அதற்குத்தான். எண்ணையோ பெயரையோ தட்டினால் யார், எங்கே, எந்த நாள் கண்டது, பாதை எப்படி என்று வரும். பெயர்க் காரணமும் பெரும்பாலும் இருக்கும். ஆங்கிலம்தான், அதற்கு நான் மொழிபெயர்ப்பாளர்.

முதலில் தட்டியது 4538. 1988 அக்டோபர் 10 அன்று ஜப்பானில் கென்சோ சுசுகி கண்டது. தற்காலிக அடையாளம் 1988 டிபி (TP): டி (T) என்றால் அக்டோபர் முன்பாதி, பி (P) என்றால் அந்தப் பாதியில் கண்ட பதினைந்தாவது சிறுகோள். மகள் விரல்விட்டு எண்ணி, ஐயைத் தாண்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். 2015-ல் வைத்த பெயர் விஷியானந்த். நம்ம விஸ்வநாதன் ஆனந்த்தான். பழைய செஸ் உலக சாம்பியன்கள் அலெகினுக்கும் கார்ப்போவுக்கும்கூட ஆளுக்கொன்று உண்டு.

அப்புறம் 67. பெயர் ஆசியா. கண்ட இடம் மெட்ராஸ் என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நுங்கம்பாக்கம் வான்நோக்ககத்தில் நார்மன் பாக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று பார்த்தது. ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். இன்று நமக்குப் புயல் எச்சரிக்கை சொல்லும் வானிலை மையம் இருப்பது அதே வளாகத்தில். 4130 ராமானுஜன், 1988-ல் காவலூர் வான்நோக்ககத்தில் ராஜமோகன் கண்டது.

சிரிக்க வைத்தது 2309 மிஸ்டர் ஸ்பாக். ஸ்டார் டிரெக் டிவி தொடரில் வருபவர் பெயர் என்று நினைத்தால், இது கண்டுபிடித்தவர் வீட்டுப் பூனையின் பெயர். பூனைக்குத்தான் தொடரிலிருந்து வைத்தார்களாம். வானியலாளர்கள் முணுமுணுத்து, வளர்ப்புப் பிராணி பெயர்கள் வேண்டாமே என்று ஆகிவிட்டது. வியாழனின் பாதையிலேயே முன்னும் பின்னும் போகும் இரண்டு கூட்டங்களில் ஒன்றுக்கு டிராய் போர்க் கதையில் வரும் கிரேக்க வீரர்கள் பெயர், மற்றதற்கு எதிரணியான டிராய் வீரர்கள் பெயர். வழக்கம் வருவதற்கு முன்பே வைத்துவிட்டதால் டிராயின் ஹெக்டர் கிரேக்கக் கூட்டத்திலும், கிரேக்கன் பட்ரோக்ளஸ் டிராய் கூட்டத்திலும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். "ஒற்றர்கள்" என்றாள் மகள். அன்று சாப்பிடக் கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப என் பேர் வரவே வராதா?" என்று கேட்டாள். அறிவியல் போட்டிகளில் ஜெயித்த பள்ளிப் பிள்ளைகள் பெயரை அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகம் தான் கண்ட சிறுகோள்களுக்கு வைத்திருக்கிறது, அதில் இந்தியப் பிள்ளைகளும் உண்டு என்றேன். போட்டிக்கு எப்படிச் சேர்வது என்று இப்போது என் உயிரை எடுக்கிறாள்.

மதிப்பெண்: தேடல் பக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து. கிஃப்ட் பெட்டிக்கு ஐந்துக்கு ஒன்று. சான்றிதழை உருவிவிட்டு, 4538-ன் பாதையை அவள் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்ததை அதே ஃபிரேமில் மாட்டியிருக்கிறோம். அந்த ஒன்று ஆணிக்கு. நல்ல ஆணி, கான்கிரீட்டில் வளையாமல் இறங்கியது.